வியாழக்கிழமை வாங்க

இரண்டு பக்கத் தாள் ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் ஒன்பது நாள் கிடந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷத்துக்கு ஊர் ஊராகப் போகிற டாக்டராகிவிடுவேன். டாக்டர் லீவில் போன ஊர், டாக்டர் யாரும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஊர், இப்படி மாதத்தில் மூன்று வாரம் வெளியே, ஒரு வாரம் டில்லி. ஆளனுப்புகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் தினமும் காலை பத்து மணிக்கு போன் செய்து, "மேம், முடிவு பண்ணிட்டீங்களா?" என்று இனிமையாகக் கேட்பாள். சனிக்கிழமை கடைசி நாள். நானும் இனிமையாக, "யோசிச்சுட்டு இருக்கேன்" என்பேன். எனக்கு இனிமை அவ்வளவு சுலபத்தில் வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் எல்லோரும் என்றால் மூன்று பேர்தான். நான், என் கணவர், என் அப்பா. கணவருக்கு மத்திய அரசு வேலை, லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். மகள் புனேயில் படிக்கிறாள். அப்பா ஓர் அமைச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்து செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். வயது எழுபத்தாறு. டில்லிக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. நடுநடுவே ஓர் அச்சாவும் ஜல்தியும் விழும், அவ்வளவுதான்.

நான் பொது மருத்துவம் பார்ப்பவள். பதினான்கு வருஷம் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். வியாழக்கிழமை எனக்கு மறுபரிசோதனை நாள். வாரத்தின் மற்ற நாட்களில் பார்த்தவர்களையெல்லாம் அன்றைக்குத்தான் திரும்ப வரச் சொல்வேன். "ரிப்போர்ட்டை எடுத்துட்டு வியாழக்கிழமை வாங்க" என்பதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. போன வருஷம் எம்.பி.ஏ. படித்த ஒருவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, நான் எழுதும் ஸ்கேன் ஏன் மற்ற டாக்டர்கள் எழுதுவதைவிடக் குறைவாக இருக்கிறது என்று கேட்டான். தேவைப்படாதவர்களுக்கு நான் எழுதுவதில்லை என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே ராஜினாமா செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு. இப்போதும் தப்பென்று தோன்றவில்லை.

ஊர் ஊராகப் போகும் வேலை எனக்கு ஒத்துவருமா என்று பார்க்க, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று கம்பெனி சொன்னது. அக்டோபரில் மூன்று வாரம் ஒரு மலையூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பது படுக்கை. ஓ.பி. அறை ஜன்னலைத் திறந்தால் தேவதாரு மரங்கள். டில்லியில் தொண்டை எரியத் தொடங்குகிற மாதத்தில் அங்கே காற்று சுத்தமாக இருந்தது. கேள்வி கேட்க எவனும் இல்லை. முதல் வாரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது. கணவரிடம் போனில், "எனக்கு இதுதான் சரிப்படும்போல இருக்கு" என்றேன். "அச்சா, இருந்து பாரு" என்றார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். அங்கே பெண்கள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். டில்லியில் பத்து வருஷம் என்னிடம் வந்தவர்கள்கூடச் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத என்னிடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள். கைராசிக்காரி என்று எனக்குள் நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ஓ.பி. முடிகிற நேரத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முழங்கால் வலி என்று சீட்டில் இருந்தது. முழங்காலைப் பார்க்கக் குனிந்த என்னிடம், "அதில்லை" என்றாள். இடது மார்பில் ஒரு கட்டி. தொட்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. கல்லாக இருந்தது, நகரவில்லை. எத்தனை நாளாக என்றேன். ஒரு வருஷம் என்றாள்.

"இங்கே வழக்கமா இருக்கற டாக்டர்கிட்ட ஏன் காட்டலை?" என்று இந்தியில் கேட்டேன். கேள்வி அதட்டலாகத்தான் வந்திருக்கும்.

"அவர் என் வீட்டுக்காரரோட அண்ணன்கூடச் சேர்ந்து சீட்டு விளையாடறவர். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். நீங்க போயிடுவீங்க இல்ல, அதான் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் கைராசி இவ்வளவுதான். ஊர்க்காரர்கள் என்னை நம்பவில்லை. நான் கிளம்பிவிடுவேன் என்பதை நம்பினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று கடிதம் எழுதினேன். அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். வீட்டில் எந்தக் காகிதம் போனாலும் மைத்துனர் படிப்பாராம். மகனிடம் மட்டும் சொல்லலாம். அவன் கீழே நகரத்தில் ஜீப் ஓட்டுகிறான், வாரத்தின் நடுவில் வருவான். "ஆனா எனக்குச் சொல்ல வாய் வராது. நீங்களே சொல்லிடறீங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, வியாழக்கிழமை அவனைக் கூட்டிட்டு வாங்க. நானே சொல்றேன்" என்றேன். கடிதத்தை மடித்து மேசை டிராயரில் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முழங்கால் வலிக்காரி மாதிரியே தாங்கித் தாங்கி நடந்து வெளியே போனாள்.

என்னுடைய மூன்று வாரம் புதன்கிழமையோடு முடிந்தது.

புதன் மாலை ஆபீசில் சாவிகளை ஒப்படைத்து, எதுவும் பாக்கியில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு டில்லி பஸ் ஏறினேன். மறுநாள் காலை கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்து, வீட்டில் என்ன டிபன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. அப்போதுதான் அன்று வியாழக்கிழமை என்பது உறைத்தது. பதினான்கு வருஷப் பழக்கத்தில் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. நான் இல்லாத ஒரு வியாழக்கிழமை அந்த வாய்க்குத் தெரியாது.

அங்கிருந்த சிஸ்டருக்கு போன் செய்தேன், கிடைக்கவில்லை. "டிராயரில் ஒரு கடிதம் இருக்கிறது, முழங்கால் வலிப் பெண்ணின் மகனிடம் கொடுக்கவும், அடுத்து வருகிற டாக்டரை விளக்கச் சொல்லவும்" என்று செய்தி அனுப்பினேன். மத்தியானம், "ஜி மேடம்" என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்த தாளைப் பற்றி யோசித்தேன். இன்று அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

நவம்பரில் புகை இறங்கியது. அப்பாவுக்கு இருமல். மாதாமாதம் அரசு டிஸ்பென்சரிக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கி வருவது அவர் வேலை. அங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தை வேறு யாரும் தொட விடமாட்டார். "இந்தக் காத்துல நீங்க வெளிய போக வேண்டாம், நான் போறேன்" என்றேன். நாலு நாள் கழித்துப் பார்க்கலாம் என்றார், இருமல் ஒன்றுமில்லை என்றார். கடைசியில் கணவர்தான் அவர் சட்டைப் பையிலிருந்து சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

டிஸ்பென்சரி வரிசையில் நிற்கும்போது சும்மா புரட்டினேன். இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டவில்லை, மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தது. ஒரே அளவு இடைவெளியில், நேர்க்கோட்டில், ஆபீஸ்காரர் அடிக்கிற மாதிரி. நகத்தால் பின்னை நெம்பிப் பிரித்தேன்.

உள்ளே எனக்குத் தெரியாத கையெழுத்து. நான் மலையில் இருந்த கடைசி வாரத்துத் தேதி. இரண்டு வாரமாக வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம். வயிற்று ஸ்கேன் உடனே எடுக்கவும். சிறுநீரக அறுவை நிபுணரைப் பார்க்கவும். அதற்குக் கீழே, மகள் டாக்டர், அவரிடம் சொல்லும்படி வலியுறுத்தினேன் என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு போன் நம்பர்.

வலியில்லாமல் ரத்தம் என்றால் அந்த வயதில் என்ன பயப்பட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று அந்த நம்பருக்குப் போட்டேன்.

எடுத்தவர் இளவயது டாக்டர். டிஸ்பென்சரி டாக்டர் நீண்ட லீவில் போனபோது பத்து நாள் இங்கே உட்கார்ந்தவர். இப்போது ஏதோ நிலக்கரிச் சுரங்க ஊரில் இருந்தார். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள், "ஸ்கேன் ஆச்சா?" என்றார். மகள் டாக்டர், மகள் டாக்டர் என்று மூன்று தடவை சொன்ன பெரியவரை ஞாபகமிருக்கிறதாம்.

"எல்லாருக்கும் நம்பர் எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். நான் கிளம்பற தேதியையும் ஒரு அட்டையில பெரிசா எழுதி மேசை மேல வச்சிடுவேன். அப்பதான் யாரையும் ஏமாத்தின மாதிரி இருக்காது. ஆனா திரும்பக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்."

நான் எந்த அட்டையும் வைக்கவில்லை. நம்பரும் கொடுக்கவில்லை. கம்பெனியே கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். கேட்காமலே வைத்துவிட்டேன்.

அப்பா வரவேற்பறையில் இந்திச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"பின்னைப் பிரிச்சிட்டியோ" என்றார்.

"அப்பா, நான் இந்த வீட்டுலதானே இருக்கேன்? வழியில போற ஒருத்தர்கிட்டச் சொல்லத் தெரிஞ்சது, என்கிட்டச் சொல்லத் தெரியலையா?" கத்தினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் மறுநா போயிருதேன்னு அட்டையில எழுதி வச்சிருந்தான். அதனாலதான் சொன்னேன். பெத்த மவகிட்ட மூத்திரத்தைப் பத்திப் பேசச் சொல்லுதியா நீ?"

"நான் டாக்டர்ப்பா."

"டாக்டர்னா? நீ என் மவதான."

எத்தனை நாளாக இருக்கிறது என்றேன். "அதாம் எழுதியிருக்கே, ரெண்டு வாரம். இப்பம் அதையும் சேத்தா அஞ்சு வாரம்" என்றார். பிறகு மேசைப் பக்கம் கையைக் காட்டினார். "நீ அதுல கையெழுத்துப் போட்டதும் சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா நீ போவமாட்ட. எங்கப்பாவாலதான் போவலைன்னு பின்னால ஒரு பேச்சு வரும். எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

என் பிளஸ் டூ வருஷத்தில் அவர் ஒரு பிரமோஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வெளியூர் மாற்றலோடு வந்த பிரமோஷன். அதை ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். "சீச்சீ, எந்திரி. ஸ்கேனுக்கு எப்பம் போணும், ஜல்தி சொல்லு" என்றார்.

மறுநாளே ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பையில் ஒரு வளர்ச்சி இருந்தது. ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் என்னோடு படித்தவர் இருக்கிறார். உள்ளே கருவி விட்டுப் பார்த்துச் சதை எடுப்பதற்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஸ்கேன் எடுத்த அன்று மாலைதான் மலையூர் சிஸ்டரைக் கூப்பிடத் துணிவு வந்தது. அப்பாவின் புத்தகத்தைப் பார்த்ததிலிருந்து அந்தப் பெண் தாங்கித் தாங்கி நடந்தது கண்ணிலேயே நின்றது.

சிஸ்டர் முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். அந்தப் பெண் வியாழக்கிழமை காலையிலேயே மகனோடு வந்துவிட்டாள். டிராயர் பூட்டியிருந்தது, சாவி ஆபீசில், ஆபீஸ்காரர் லீவு. அடுத்த டாக்டர் திங்கட்கிழமைதான் வந்தார். மேடம் போய்விட்டார் என்று சொன்ன பிறகும் அவள் மூன்று மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதற்காக வந்தோம் என்று மகன் கேட்க, முழங்கால் என்றாள். முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"கடிதம்?"

"டிராயர்லயேதான் இருக்கு மேடம். நீங்கதான் போயிட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

அவளைத் திட்ட வாய் வரை வந்தது. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண் மூலமாக எப்படியாவது மகனின் நம்பரை வாங்கிக் கொடு, காரணம் சொல்லாதே என்று கெஞ்சினேன். நான் கெஞ்சியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

நம்பர் வர இரண்டு நாள் ஆனது. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. காலை பத்து மணிக்குக் கம்பெனிப் பெண்ணிடம், வேண்டாம் என்று சொன்னேன்.

"அப்பாவுக்காகவா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லை. அந்தப் பையன் மாதிரி அட்டை எழுதி வைக்கிறவங்களுக்கு இது சரி. நான் ஒரு கிழமை சொன்னா அன்னைக்கு அங்க இருக்கணும். என்னால வேற மாதிரி டாக்டரா இருக்க முடியலை."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியலை." உண்மையிலேயே தெரியவில்லை. பழைய ஆஸ்பத்திரி இல்லை, புது வேலை இல்லை, ஓ.பி. அறை என்று சொல்லிக்கொள்ள டில்லியில் எனக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

அன்று மத்தியானம் மகனைக் கூப்பிட்டு, அம்மாவிடம் கொடு என்றேன். அவள் குரல் வந்ததும், தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் அவனைக் கூட்டிட்டு வந்தேனே" என்றாள் கடைசியில். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இப்ப பக்கத்துலதான் இருக்கான். சொல்லிடுங்க."

சொன்னேன். மகன், "எங்க கூட்டிட்டு வரணும் மேடம்? என்னைக்கு?" என்றான். இந்தத் தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தேன். நான் நிச்சயமாக நிற்கப்போகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"திங்கட்கிழமை. டில்லிக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிப்பேன்."

வந்தார்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, ஏழு மணிக்கே வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். மகனைச் சீட்டு வாங்க வரிசைக்கு அனுப்பிவிட்டு, அவளையும் அப்பாவையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். அப்பா குரங்குக் குல்லாயும் முகக்கவசமும் போட்டு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கப் போனேன்.

திரும்பி வரும்போது இருவரும் என் பக்கம் முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஆபீஸ் இந்தியும் அவளுடைய மலை இந்தியும். நான் பின்னால் நின்றது தெரியவில்லை.

"எத்தனை நாளா மறைச்சு வச்சிருந்தே?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு வருஷம், பாபுஜி. நீங்க?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "போன ஹோலியிலேர்ந்து. எட்டு மாசம் ஆகுது. மகள்கிட்டச் சொல்லிடாதே."

டீ கையில் சுட்டது. இரண்டு அடி பின்னால் போய், நன்றாகக் கேட்கும்படி செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்து, இருவருக்கும் டீயைக் கொடுத்தேன். அப்பா நல்ல பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டார். "ஃபைலைக் கொடுங்கப்பா, ஒரு கையெழுத்து போடணும்" என்று வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், ரத்தம் எத்தனை நாளாக என்பதற்கு நேரே இருந்த 'ஐந்து வாரம்' என்பதை அடித்து, 'எட்டு மாதம்' என்று எழுதினேன்.